காட்டுக்குப் போனவனின் கணக்கு

1

நகரத்தையும் அதன் நாகரிகத்தையும் உதறிவிட்டுக் காட்டுக்குப் போய், ஆதிவாசிகளில் ஒருவனாகவே இருந்துவிட்ட மனிதன் தமிழ் நாவலில் நினைவில் நிற்கும்படியாக இல்லை. இதை ஒரு குறையாக நம் நண்பர்கள் அவ்வப்போது சொல்வதுண்டு. மேற்கில் இது ஒரு தனி மரபு. மெல்வில்லின் ‘டைப்பீ’ (1846), ஹட்ஸனின் ‘கிரீன் மேன்ஷன்ஸ்’ (1904), மாமின் ‘தி மூன் அண்ட் சிக்ஸ்பென்ஸ்’ (1919) என்று அது நீளும். இந்தியாவிலும் ஆங்கிலத்தில் எழுதிய அருண் ஜோஷி 1971இல் ‘தி ஸ்ட்ரேஞ்ச் கேஸ் ஆஃப் பில்லி பிஸ்வாஸ்’ நாவலில் அப்படி ஒருவனைக் காட்டிவிட்டார். தமிழில் மட்டும் ஏன் இல்லை? தமிழ் எழுத்தாளன் காலையில் ஆபீசுக்குப் போகிறவன், ஆகவே அவனுடைய பாத்திரங்களும் ஆபீசுக்குத்தான் போகும் என்று ஒரு பதில் வழக்கில் இருக்கிறது. கேலியாகச் சொல்லப்பட்டாலும் அது ஒரு தீர்ப்புத்தான். தமிழ்க் கற்பனைக்குத் துணிவு போதாது என்பது அதன் உட்பொருள். நானும் ஆபீசுக்குப் போகிறவன்; திருப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. இந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்புக்கொள்ளக்கூடியதாக இல்லை. காரணத்தைத் துணிவில் தேடுவதைவிடச் சரித்திரத்தில் தேடுவது பயன் தரும்.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். கொங்குப் பகுதியில் காடு என்றால் வனம் அல்ல. கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம். வானம் பார்த்த மானாவாரி பூமி காடு. ‘காட்டுக்குப் போயிருக்கிறார்’ என்று ஒரு வீட்டில் பதில் வந்தால், அவர் களை வெட்டவோ ஆடு மேய்க்கவோ போயிருக்கிறார், பொழுது சாய்ந்தால் வந்துவிடுவார் என்று அர்த்தம். இன்னொரு காடு, சுடுகாடு. வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்ற பழமொழியில் கூப்பிடுகிற காடு அதுதான். இதிகாசத்திலோ ராமன் அயோத்தியை வெறுத்துக் காட்டுக்குப் போகவில்லை, அனுப்பப்பட்டான். பாண்டவர்கள் சூதில் தோற்றுப் போனவர்கள். ஆக, நம் பேச்சிலும் நினைவிலும் காடு என்பது வேலை, அல்லது தண்டனை, அல்லது சாவு. நடுவயதில் ஒருவன் தானாக விரும்பி நாகரிகம் வேண்டாம் என்று போகிற இடமாக அது இருந்ததில்லை.

சந்நியாசம் இருக்கிறதே என்று கேட்கலாம். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ தொடங்கி நம் நாவல்களில் அதற்குக் குறைவில்லை. ஆனால் சந்நியாசி துறப்பது உலகத்தை. நவீன சமூகத்தை அல்ல. அவன் போன பிறகும் ஊர் அவனுக்குச் சோறு போடுகிறது, காலில் விழுகிறது. சமூகத்தின் ஏற்பாட்டுக்குள்ளேயே அவனுக்கு ஒரு ஸ்தானம் உண்டு. பில்லி பிஸ்வாஸுக்கு அது கிடையாது. அவன் பிரச்னை வேறு.

2

காட்டுக்குப் போனவர்களைப் படிக்கும்போது, என் உத்தியோகம் காரணமாகவும் இருக்கலாம், ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அவர்களோடு கூடவே ஒரு கணக்குப் புத்தகமும் போகிறது.

தோரோ 1845இல் வால்டன் குளக்கரையில் குடிசை கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் இரண்டு மாதம் இருந்தார். அவர் புத்தகம் நாவல் அல்ல என்றாலும் பின்னால் வந்த நாவல்களுக்கெல்லாம் ஒரு மூலம். அதில் குடிசைக்கு ஆன செலவைப் பலகை, ஆணி என்று இனம் இனமாக எழுதி, மொத்தம் 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று கூட்டிக் காட்டுகிறார். நிலம் நண்பர் எமர்ஸனுடையது. சந்தைச் சமூகத்தை மறுக்கப் போனவர் பேரேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இது முரண்பாடு என்று நான் சொல்லமாட்டேன். தோரோவின் நேர்மையே அதில்தான் இருக்கிறது. தன் மறுப்புக்கு என்ன செலவாயிற்று, யார் நிலத்தில் அது நடந்தது என்பதை அவர் மறைக்கவில்லை.

கியூபாவின் கார்ப்பெந்தியர் 1953இல் எழுதிய ‘லாஸ்ட் ஸ்டெப்ஸ்’ நாவலில் ஓர் இசைக்கலைஞன் தென்னமெரிக்கக் காட்டுக்குள் கடைசி வரை போய், காலமே தொடாத ஓர் ஊரில் தங்கிவிடுகிறான். அங்கே அவனுக்குள் ஓர் இசைப் படைப்பு உருவாகிறது. ஆனால் எழுதக் காகிதம் தீர்ந்துபோகிறது. மனைவி முடுக்கிவிட்ட தேடுதலில் விமானம் ஒன்று வந்து இறங்கும்போது, காகிதம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று அதில் ஏறிப் போகிறான். பிறகு வரும்போது ஆற்றில் வெள்ளம் ஏறி, வழி காட்டும் மரத்து அடையாளத்தை மூடிவிட்டிருக்கிறது. காட்டில் வாழ முடிந்தவனால் எழுதாமல் வாழ முடியவில்லை. எழுத்து நகரத்தின் சரக்கு.

அருண் ஜோஷியிடம் இது இன்னும் கூர்மையாக இருக்கிறது. பில்லி அமெரிக்காவில் எஞ்சினியரிங் படிக்கப் போய் மானிடவியல் படித்துத் திரும்பியவன், டில்லியில் பேராசிரியன், மனைவி உண்டு. மாணவர்களோடு மத்திய இந்திய மலைப்பகுதிக்குப் போனவன் ஒரு நாள் காணாமல் போகிறான். பத்து வருஷம் கழித்து, அந்த ஜில்லாவுக்குக் கலெக்டராக வந்த பழைய நண்பன் ரோமியின் கண்ணில் இடுப்பில் கோவணத்தோடு தென்படுகிறான். கதையைச் சொல்பவன் இந்தக் கலெக்டர்தான். பில்லி மூலிகை கொடுத்து ரோமியின் மனைவியுடைய தலைவலியைக் குணப்படுத்துகிறான். அந்த உதவியின் வழியாகவே ரகசியம் கசிகிறது. குடும்பத்துக்குத் தெரிகிறது, போலீஸ் போகிறது, தேடுதலில் பில்லி சுடப்பட்டுச் சாகிறான். ஃபைல் மூடப்படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது பில்லியின் சாவை அல்ல. அவனை நாம் அறிந்துகொள்ளும் வழியை. கலெக்டர் இல்லாவிட்டால் பில்லியைப் பற்றிய நாவலே இல்லை. கலெக்டர் இருந்ததால்தான் பில்லி செத்தான். ஜோஷி இதை அறிந்தே எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது. அவரே டில்லி கிளாத் மில்ஸ் நிர்வாகத்தில் ஆள் எடுக்கும், பயிற்சி தரும் பிரிவில் இருந்தவர்; அந்த ஆலையை நடத்திய லாலா ஸ்ரீராமின் வாழ்க்கையை 1975இல் புத்தகமாக எழுதியவர். பகலில் துணி ஆலைக்கு ஆள் சேர்த்தவர் இரவில் ஓர் ஆள் எல்லாவற்றையும் விட்டுப் போவதை எழுதினார். இதில் கேலிக்கு இடமில்லை. விட்டுப் போக ஆசைப்படுவதற்கு உள்ளே இருந்தாக வேண்டும்.

ஆனால் நாவலில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. பில்லி வருவதற்கு முன்பே அந்தக் காட்டில் மனிதர்கள் இருந்தார்கள். அவன் செத்த பிறகும் இருப்பார்கள். அவனோடு வாழ்ந்த பிலாசியா அவனுடைய ஆதி உணர்வின் உருவமாக வருகிறாளே தவிர, தன் கணக்கு என்று ஒன்று உள்ளவளாக வருவதில்லை. இந்த வெற்றிடத்துக்குப் பின்னால் வருகிறேன்.

3

வங்காளத்தில் விபூதிபூஷண் இதே பிரச்னையை 1939லேயே வேறு திசையிலிருந்து அணுகிவிட்டார். ‘ஆரண்யக்’ தமிழில் ‘வனவாசி’ என்ற பெயரில் வந்திருக்கிறது. கல்கத்தாவில் வேலை இல்லாமல் இருக்கும் சத்தியசரணுக்கு பீகாரில் பாகல்பூர், பூர்ணியா பக்கம் பல்லாயிரம் பிகா காட்டு நிலத்தின் மானேஜர் உத்தியோகம் கிடைக்கிறது. காட்டைக் குத்தகைக்கு விட்டு, குடிகளை ஏற்றி, வருமானம் காட்ட வேண்டும் என்பது வேலை. விபூதிபூஷணே பாகல்பூரில் ஒரு ஜமீன் எஸ்டேட்டில் இப்படி உத்தியோகம் பார்த்தவர். முதலில் தனிமையில் தவிக்கும் சத்தியசரண் பிறகு அந்தக் காட்டின் மேல் பித்துக்கொள்கிறான். யாரும் கேட்காமல் தானே எங்கிருந்தோ விதை கொண்டுவந்து காட்டில் பூச்செடி நடும் யுகல்பிரசாத், இரண்டு பிகாவைத் திருத்த வருஷக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ராஜு பாண்டே, ராஜ்யம் போன சந்தால் ராஜா, அவர் வம்சத்துப் பெண் பானுமதி எல்லாரையும் நேசிக்கிறான். நேசித்துக்கொண்டே காட்டைக் கூறு போட்டுக் குடுத்துத் தீர்க்கிறான். நாவல் முடியும்போது காடு இல்லை. வனதேவதைகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவன் கிளம்புகிறான்.

ஜோஷியைவிட விபூதிபூஷண் பெரிய கலைஞர் என்பதற்கு இந்த ஒரு ஏற்பாடே போதும். இங்கே ஓடிப்போனவனும் கணக்கு எழுதுகிறவனும் ஒரே ஆள். மறுப்பு என்பது தப்பித்தலாக இல்லாமல், கையெழுத்துப் போடும் கையின் நடுக்கமாக இருக்கிறது. பானுமதியிடம் பாரதவர்ஷம் தெரியுமா என்று சத்தியசரண் கேட்கும் இடம் உண்டு. அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதில்லை. நாவல் அதை வேடிக்கையாக்காமல் விட்டுவிடுகிறது.

4

இப்போது தமிழுக்கு வரலாம். இங்கே பயணத்தின் திசை தலைகீழ்.

சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ (1969) நாவலில் சிதம்பரம் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறான், வனத்தை வாங்குகிறான், கரும்பு ஆலை வைப்பதற்காக அதை வெட்டியும் எரித்தும் அழிக்கிறான். ஆசிரியர் குரல் உயர்த்தவே இல்லை. கடைசியில், கருகிப்போன புளிய மரங்களுக்கு இனி எங்கே போவது என்கிற ஒரு கிழவியின் கேள்வியில் முழுக் கணக்கும் வந்து நிற்கிறது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) மனிதர்கள் காட்டுக்குள் போவதைச் சொல்கிறது. தெற்கே ஓடிவந்தவர்கள் நெருப்பு வைத்துக் காட்டை நிலமாக்கி ஊர் அமைக்கிறார்கள். ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ (1963) நீலகிரியின் படகர் வாழ்வுக்குள் புதிய காலம் ஏறி வருவதைச் சொல்கிறது. நாம் தேடுகிறவனுக்கு மிக அருகில் வருகிறவன் ஜெயமோகனின் ‘காடு’ (2003) நாவலின் கிரிதரன். அவனும் மாமாவின் காண்டிராக்ட் வேலையை மேற்பார்க்கக் காட்டுக்கு வந்தவனே. மலைப்பெண் நீலியின் மேல் அவனுக்கு உண்டாகும் மோகம் காட்டின் மேல் உண்டாகும் மோகமும்தான். நீலி காய்ச்சலில் சாகிறாள். அவன் ஊருக்குத் திரும்பி, மிச்ச வாழ்க்கையைத் தோற்றவனாகக் கழிக்கிறான்.

ஒருவரும் தங்கிவிடவில்லை. வெட்ட, எரிக்க, மேற்பார்க்க, குடியேற வந்தவர்கள்தாம் எல்லாரும். தமிழ் நாவல் காட்டைக் கனவாகப் பார்க்காமல் காரியமாகப் பார்த்திருக்கிறது. இதைக் கற்பனை வறட்சி என்பவர்கள், இந்த நாவல்களில் எதிலும் கணக்குப் புத்தகம் ஒளித்து வைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

கொங்கு நாட்டில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரரான ஆர். சண்முகசுந்தரம் விபூதிபூஷணின் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். வங்காளக் கிராமத்தின் கவித்துவம் அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் தன் ஊரை எழுதும்போது அவர் எழுதியது ‘நாகம்மாள்’ (1942): ஒரு விதவை தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள், அது கொலையில் முடிகிறது. நகரத்து வாசகன் எளிமையைத் தேடிப் போகும் கிராமத்தில் சண்முகசுந்தரம் பாகப்பிரிவினையைக் காட்டினார். பிறகு பெருமாள்முருகன் ‘கூளமாதாரி’யில் (2000) அதே மண்ணில் பண்ணையத்தில் கட்டுண்டு ஆடு மேய்க்கும் சிறுவர்களைக் காட்டினார். அந்தச் சிறுவர்களுக்கு வெளி உண்டு, வானம் உண்டு, விளையாட்டு உண்டு. தாங்கள் யாருடையவர்கள் என்பதில் மட்டும் அவர்களுக்கு உரிமை இல்லை.

5

நவீன சமூகம் வேண்டாம் என்று தமிழ்நாட்டில் யாருமே சொல்லவில்லையா? சொன்னார்கள். அதற்குத் திருப்பூரே ஒரு முற்றமாக இருந்தது என்பதை ஊர்க்காரர்களே மறந்துவிட்டார்கள்.

காந்தி 1909இல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் கப்பலில் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ எழுதினார். ரயிலையும் வக்கீலையும் டாக்டரையும் எந்திரத்தையும் ஒருசேர மறுத்த புத்தகம். அந்த மறுப்பு காட்டுக்குப் போகவில்லை. ராட்டையாக ஊருக்குள் வந்தது. அகில பாரத சர்க்கா சங்கம் 1925இல் ஏற்பட்டபோது அதன் தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருப்பூர்தான் தலைமை இடம். சுற்றுக் கிராமங்களில் நூற்ற நூல் இங்கே வந்தது, எடை போடப்பட்டது, கூலி கணக்குப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. 1932 ஜனவரியில் கொடியோடு அடிபட்டு இறந்த குமரன் இந்தச் சூழலின் பிள்ளை. பின்னல் எந்திரங்கள் திருப்பூருக்குள் வந்ததும் இதே இருபதுகளில்தான். எந்திர மறுப்பும் பனியன் எந்திரமும் ஒரே ஊரில், ஒரே காலத்தில், பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருந்திருக்கின்றன. எது ஜெயித்தது என்று சொல்லத் தேவையில்லை.

கதர் மறுப்பின் முக்கியத்துவம், அது தோரோவைப் போலவே கணக்கை வெளியே வைத்தது என்பதில் இருக்கிறது. நூற்றவளுக்கு எவ்வளவு, நெய்தவனுக்கு எவ்வளவு என்று அது கேட்டது. தஞ்சாவூரில் பிறந்து லண்டனில் கணக்காளராகத் தேர்ச்சி பெற்று, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்து, பம்பாயில் தொழில் நடத்திய ஜே. சி. குமரப்பா 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு கோட்டைக் கழற்றினார். பேனாவைக் கீழே வைக்கவில்லை. குஜராத்தில் ஒரு தாலுகா முழுவதையும் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தார். கடைசி நாட்களைக் கல்லுப்பட்டியில் கழித்து 1960இல் மறைந்தார். பில்லிக்கு வேண்டிய எல்லாம் இவரிடம் இருந்தன, மர்மத்தைத் தவிர.

இந்த லட்சியவாதம் நாவலுக்கு வந்தபோதுதான் கணக்கு தொலைந்தது. கே. எஸ். வேங்கடரமணியின் ‘முருகன் ஓர் உழவன்’ படித்தவர்கள் மண்ணுக்குத் திரும்பி ஓர் ஆதர்ச கிராமம் அமைப்பதில் முடிகிறது. நல்ல மனசுள்ள நாவல். ஆனால் அந்தக் கிராமத்தில் வரப்புத் தகராறு வந்தால் யார் பேச்சு எடுபடும், சேரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்கத் தொடங்கினால் அது நிற்காது. கனவு காண்பதற்காக வேங்கடரமணியை நான் குறை சொல்லவில்லை. கூட்டிக் காட்டாமல் விட்டதைத்தான் சொல்கிறேன்.

திருப்பூரில் மறுப்பு ஏன் வேர் பிடிக்கவில்லை என்பதற்கு எளிய விடை ஒன்று உண்டு. உதறுவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். மாமின் நாயகன் உதறியது பங்குச் சந்தை உத்தியோகத்தை. பில்லி உதறியது பேராசிரியர் பதவியை. பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கவும் செக்கிங்குக்கும் வந்தவர்கள் மழை பொய்த்த காட்டையும் பண்ணையத்தையும் உதறிவிட்டு வந்தவர்கள். அவர்கள் ஏற்கெனவே ஒரு தடவை மறுத்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்து, விட்டு வந்த இடத்தில்தான் ஆத்மா இருக்கிறது என்று சொல்ல ஒரு தனி வகைத் திமிர் வேண்டும். என் நண்பர் ஒருவர், நல்ல கவி, வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கரில் வாழ்கிறார். அவருடைய நிம்மதி உண்மையானது. அங்கே எழுதிய கவிதைகளும் நன்றாக இருக்கின்றன. அவர் நிலத்தில் களை எடுக்க வருகிற பெண்ணின் மகன் விடிகாலையில் கம்பெனி வேனில் ஏறித் திருப்பூருக்கு ஓவர்லாக் அடிக்கப் போகிறான். கவிதையில் அந்த வேனும் வர வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இதனால் திருப்பூரை மறுக்க முடியாது என்று ஆகிவிடாது. நொய்யல் இருக்கிறது. பாசனத்துக்கென்று 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் குளமாயிற்று. கீழே இருந்த விவசாயிகள் காட்டுக்குப் போகவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சுப்ரபாரதிமணியன் 1998லேயே ‘சாயத்திரை’யில் இந்தச் சாயத்தை எழுதிவிட்டார். எம். கோபாலகிருஷ்ணன் ‘மணல் கடிகை’யில் (2004) ஊர் வீங்குவதையும் மனிதர்கள் அதனோடு சேர்ந்து வீங்கி உடைவதையும் எழுதினார். இவற்றில் எவரும் ஓடிப்போவதில்லை. ஓடிப்போகாமல் வேண்டாம் என்று சொல்வது எப்படி என்பதே இவற்றின் கேள்வி. சத்தியசரணின் கேள்வியும் அதுதான்.

6

ஜோஷியின் நாவலில் இருந்த வெற்றிடத்துக்கு இப்போது வரலாம். ஒருவனைத் தேடிக் காட்டுக்குள் போலீஸ் போனால், அங்கே ஏற்கெனவே இருந்தவர்களுக்கு என்ன ஆகும்? திருப்பூருக்கு வடக்கே, சத்தியமங்கலம் மலைகளில் இது கற்பனை அல்ல. வீரப்பனைத் தேடி இரு மாநில அதிரடிப்படைகள் போனபோது சோளகர்களுக்கு என்ன நடந்தது என்பதை ச. பாலமுருகன் ‘சோளகர் தொட்டி’யில் (2004) எழுதினார். நாவலின் முதல் பாதியில் காடும் வேட்டையும் நடனமும் இருக்கின்றன, ஜோஷியைக் கிறங்க வைத்த அத்தனையும். இரண்டாம் பாதியில் முகாம்களும் சித்திரவதையும். பில்லியின் ஃபைல் அவன் சாவோடு மூடியது. இவர்களுடைய ஃபைல் திறக்கப்படவே வருஷங்கள் ஆயின. பில்லி பிஸ்வாஸுக்குத் தமிழின் பதில் இதுதான் என்பது என் கட்சி. இது பிலாசியாவின் ஊர்க்காரர்கள் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட நாவல்.

இன்னொரு நாவல் எழுதப்படக் காத்திருக்கிறது. இன்று எங்கள் கிளையில் கணக்குத் தொடங்க வருகிற பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் விண்ணப்பங்களில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா விலாசங்கள் நிறைய. பாகல்பூர், பூர்ணியா என்று நானே எழுதிக்கொடுத்திருக்கிறேன். சத்தியசரண் கூறு போட்டுக் கொடுத்த நிலம் மூன்று தலைமுறைக்குப் பிறகு ஆட்களை இங்கே அனுப்புகிறது. சந்தால் பெண்களும் வருகிறார்கள். பானுமதிக்குப் பாரதவர்ஷத்தின் பெயர் தெரிந்திருக்கவில்லை. அவளுடைய பேத்திக்கு அதன் ஒரு மூலையில் ஷிஃப்டு நேரமும் பீஸ் ரேட்டும் தெரியும். சனிக்கிழமை சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும் என்பதும் தெரியும். காட்டிலிருந்து நகரத்துக்கு வந்த இந்தப் பெண் எதை விட்டு வந்தாள், எதை விட மறுக்கிறாள் என்பதை நாம் இன்னும் கேட்கவில்லை. நம் நண்பர்கள் தமிழ் நாவலில் காட்டுக்குப் போனவன் இல்லையே என்று வருந்துவதை நிறுத்திக்கொண்டு, காட்டிலிருந்து வந்தவளைக் கவனிக்கலாம். அவள் கவுண்டருக்கு எதிர்ப்பக்கத்தில்தான் நிற்கிறாள்.